சளி போன பிறகு வந்த சத்தம்

சளியை வீட்டுக்குள் கொண்டுவந்தது மனைவிதான். துணிக்கடையில், வாங்கிய உடையை அளவுக்குத் தக்கபடி பிடித்துத் தைத்துக் கொடுக்கும் பிரிவில் அவளுக்கு வேலை. அளவு கொடுக்க வருகிறவர்களில் யாராவது முகத்துக்கு நேரே தும்மிவிட்டுப் போவது வழக்கம். இரண்டு மூன்று நாள் மூக்கைச் சிந்தினாள், வெந்நீர் குடித்தாள், போர்த்திக்கொண்டு படுத்தாள், பிறகு எழுந்து வேலைக்குப் போய்விட்டாள். அவளிடமிருந்து வாங்கிக்கொண்ட கணவரை அது அத்தனை சுலபத்தில் விடவில்லை. மூக்கில் தொடங்கித் தொண்டைக்கு இறங்கி, நெஞ்சில் குடியேறி, துணைக்குக் காய்ச்சலையும் அழைத்துக்கொண்டது. ஆண்களுக்கு வந்தால் மட்டும் சளி ஏன் பெரிய வியாதியாகிவிடுகிறது என்று மனைவி ஒரு தடவை கேட்டாள். அவர் பதில் சொல்லும் நிலையில் இல்லை. தும்மிக்கொண்டிருந்தார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள பல கட்டடங்களின் லிஃப்டுகளைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் பாதி ஆயுளைக் கழித்தவர். கூட வேலை செய்கிறவர்கள் அவரைக் 'காதண்ணன்' என்பார்கள். மொட்டை மாடியில் மெஷின் ரூம் கதவைத் திறப்பதற்கு முன்பே, வெளியே நின்று தலையைச் சாய்த்துக் கேட்டு, பிரேக் உரசுகிறது, பேரிங் தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிடுவார். பத்துக்கு ஆறேழு சரியாக இருக்கும். தவறிப்போனதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை, அவர் உட்பட. நல்ல மெக்கானிக் என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் கம்பெனியிலேயே முதல் மெக்கானிக் என்று அவர் தனக்குள் நினைத்துக்கொண்டிருந்ததைச் சரி என்று சொல்லக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

காய்ச்சல் விட்டு, இருமலும் ஏறக்குறைய ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் இடது பக்கமாகத் திரும்பிப் படுத்தார். காது தலையணையில் அழுந்தியது. இதயம் துடிக்கும் சத்தம் கேட்டது. அது எல்லோருக்கும் கேட்பதுதான். அவர் அதைச் சும்மா கேட்டுக்கொண்டிருந்தார். ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது, நடுவில் ஒரு துடிப்பு வரவில்லை. வர வேண்டிய இடத்தில் ஒரு வெற்றிடம். அதற்கப்புறம் வந்தது தள்ளுகதவு இடித்தாற்போல் பெரிதாக வந்து விழுந்தது. அவர் எழுந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி படுத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஒன்று தப்பியது.

காதால் பிழைத்த ஆள் அவர். சத்தம் ஒன்று மாறினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், காரணம் ஒன்று இருந்தால் அது தேய்ந்துகொண்டே போகும், தேய்ந்துகொண்டே போவது ஒரு நாள் நின்றுவிடும். இந்த மூன்றையும் அவர் எத்தனையோ கட்டடக்காரர்களுக்கு விளக்கியிருக்கிறார். இப்போது தனக்கே விளக்கிக்கொண்டார்.

உடம்பை நம்முடையது என்று சொல்லிக்கொள்கிறோம். அதன் முக்கியமான வேலைகள் எதையும் அது நம்மைக் கேட்டுக்கொண்டு செய்வதில்லை. கேட்காமலே ஒழுங்காகச் செய்துவருவதால் நமக்கும் கேட்கத் தோன்றுவதில்லை. அது ஒரு தடவை தடுமாறிவிட்டால், அத்தனை நாளும் அதை யார் நடத்திக்கொண்டிருந்தது என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொள்கிறது. காதண்ணனுக்கு இந்தக் கேள்வி இவ்வளவு தெளிவாக வரவில்லை. அவருக்கு வந்தது கம்பெனியைப் பற்றிய கவலையின் வடிவில்.

லிஃப்டுக்கு உள்ளே நிற்பவர்கள் பயணிகள். மெக்கானிக் பெரும்பாலும் நிற்பது அந்தப் பெட்டியின் கூரை மேல், அது ஏறி இறங்கும் இருட்டான சுரங்கத்துக்குள். அங்கே இரண்டு பேர் ஏறுவார்கள். ஒருவர் கையில் பட்டன் பெட்டி இருக்கும், அதை அமுக்கினால் லிஃப்ட் மெல்ல மேலேயோ கீழேயோ நகரும். இன்னொருவர், பெட்டி பிடித்துக்கொண்டு ஓடும்படி சுவரோரம் செங்குத்தாகச் செல்லும் தண்டவாளத்தைத் துடைப்பார், எண்ணெய் இடுவார், போல்ட்டுகளை முடுக்குவார். பட்டன் வைத்திருப்பவர் 'மேலே' என்றோ 'கீழே' என்றோ சொல்ல வேண்டும். மற்றவர் கையை உள்ளே இழுத்துக்கொண்டு அதே சொல்லைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அது காதில் விழுந்த பிறகுதான் பட்டனை அமுக்கலாம். தலைசுற்றலோ நெஞ்சுக் கோளாறோ உள்ளவர்கள் அதை உடனே கம்பெனிக்குச் சொல்லிவிட வேண்டும் என்பதும் விதி. சொன்னால், டாக்டர் சரி என்று எழுதித் தரும் வரை சுரங்கத்துக்குள் கால் வைக்க முடியாது. அவரோடு வேலைக்குச் சேர்ந்த ஒருவர் இப்போது கம்பெனி அலுவலகத்தில் போன் மேசையில் உட்கார்ந்து, லிஃப்ட் நின்றுபோய்விட்டது என்று கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். நெஞ்சில் ஏதோ கோளாறு, இறக்கிவிட்டார்கள் என்று கேள்வி. அந்த நாற்காலியை நினைத்தால் அவருக்குச் சளியைவிட மோசமாக இருந்தது.

ஆகவே யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தார். முக்கியமாக மச்சினனிடம். மனைவியின் தம்பியான அவன்தான் கூரை மேல் அவருடைய கூட்டாளி. வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவரே. நல்ல கை, ஓயாத வாய். அவனிடம் ஒன்றைச் சொன்னால் டீ ஆறுவதற்குள் அது அவனுடைய அக்காவிடம் போய்விடும் என்பது அவர் கணிப்பு.

சொல்லாமல் இருப்பதும் ஒரு வேலைதான். சாப்பிடும்போது, பேப்பர் படிக்கும்போது, வேனில் போகும்போது, வலது கையின் இரண்டு விரல்கள் தாமாகவே இடது மணிக்கட்டுக்குப் போய்விடும். ஒருநாள் மனைவி பார்த்துவிட்டாள்.

"கையில என்னங்க, அரிக்குதா?"

"இல்ல, வாட்ச் இறுக்கமா இருந்துச்சு."

"நீங்க எப்ப வாட்ச் கட்டினீங்க?"

அவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கடையில் யாருடைய பேன்ட்டோ நீளம் தப்பாகப் போயிருந்தது, அவளுக்கு அந்த யோசனை.

போனில் தேடிப் பார்த்தார். 'சளிக்குப் பிறகு' என்று அடித்ததுமே, மீதியை போனே 'நெஞ்சு படபடப்பு' என்று முடித்துக் கொடுத்தது. தனக்கு முன்னால் எத்தனையோ பேர் இதைக் கேட்டிருக்கிறார்கள் என்று முதலில் ஆறுதலாக இருந்தது. அத்தனை பேரும் என்ன ஆனார்கள் என்று அடுத்த நிமிடம் பயமாக இருந்தது. காய்ச்சலைக் கொண்டுவரும் கிருமி சில சமயம் இதயத்தின் தசையில் வீக்கம் உண்டாக்கும், ஆனால் அது அரிது என்று ஒரு இடத்தில் போட்டிருந்தது. அரிது என்ற சொல் அவரிடம் எடுபடவில்லை. அவர் பார்த்தவரையில், அரிதான பழுதுகள்தான் எல்லோரும் லீவில் இருக்கும் நாளாகப் பார்த்து வரும்.

அவருடைய தொழிலில் ஒரு சோதனை உண்டு. லிஃப்டின் கொள்ளளவுக்குச் சமமாக இரும்பு எடைக்கற்களை உள்ளே அடுக்கி, மேலும் கீழுமாக ஓட்டிப் பார்ப்பார்கள். முழுச் சுமைச் சோதனை என்று பெயர். "காலியா ஓடுனா எல்லா லிஃப்டும் நல்ல லிஃப்ட்தான்" என்று அவர் கட்டடக்காரர்களிடம் சொல்வார். படுக்கையில் கிடக்கும் இதயத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது காலி லிஃப்டைக் கேட்பது மாதிரி என்று ஒரு காலைப்பொழுதில் அவருக்குத் தோன்றியது. தோன்றியதும் மனம் லேசாகிவிட்டது. செய்வதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டால் பயத்துக்குப் பாதி பலம் போய்விடும்.

அன்று அவர்கள் போனது உயரமான ஓர் அலுவலகக் கட்டடம். மச்சினனைக் கீழே எதையோ துடைக்கச் சொல்லிவிட்டு, அவர் ஸ்பேனர்களும் சுத்தியலும் நிறைந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நடந்தார். வாசலில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"லிஃப்ட் பாக்க வந்தவரே படியேறிப் போனா, நாங்க எப்படிங்க நம்பி ஏறுறது?"

"உடம்புக்கு நல்லது" என்றார் அவர்.

"அப்ப லிஃப்ட் போட்டது எதுக்காம்?"

ஏறினார். எங்கும் நிற்கவில்லை. பாதியில் மூச்சு வாங்கியது, முக்கால் தூரத்தில் கால்கள் கெஞ்சின, உச்சியை அடைந்தபோது இதயம் காதுக்குள்ளேயே வந்து அடித்துக்கொண்டிருந்தது. மெஷின் ரூம் வாசற்படியில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்தார். தடதடவென்று ஓடியது. ஒன்றுகூடத் தப்பவில்லை. வேண்டுமென்றே இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். ஒன்றுகூட இல்லை. முழுச் சுமை ஏற்றியாகிவிட்டது, இயந்திரம் தாங்கிவிட்டது. போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. இறங்கி வந்து மச்சினனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். காரணமில்லாமல் டீ வாங்கிக் கொடுக்கும் ஆள் அவர் இல்லை என்பதால், அவன் கோப்பையை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தான்.

சாயங்காலம் வீட்டில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபோது அந்தத் தப்பும் துடிப்புகள் திரும்பி வந்தன. முன்பு எப்போதோ ஒன்று தப்பியது. இப்போது நாலு ஒழுங்காக வந்தால் ஒன்று தப்பியது. சுமையில் ஒளிந்துகொண்டு, ஓய்வில் தலைகாட்டும் பழுது. அப்படி ஒரு பழுதை அவர் எந்த மோட்டாரிலும் பார்த்ததில்லை. அவருடைய அனுபவம் முழுவதும் ஒரே நாளில் செல்லாமல் போய்விட்டது போலிருந்தது. தூக்கமும் கெட்டது.

அதற்குப் பிறகு அவர் எங்கே இருந்தாலும் பாதி ஆள்தான் அங்கே இருந்தார். மீதி பாதி உள்ளே காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

விஷயம் நடந்தது ஒரு குடியிருப்புக் கட்டடத்தில். இரண்டு பேரும் பெட்டியின் கூரை மேல் இருந்தார்கள். பட்டன் அவர் கையில். மச்சினன் ஒரு பக்கம் குனிந்து, தண்டவாளத்தைச் சுவரோடு பிடித்திருக்கும் இரும்புத் தாங்கியின் போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தான். கூடவே தன் வீட்டுக்காரரைப் பற்றிய கதை ஒன்றும் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியைத் தொலைத்த கதை. போல்ட் இறுகி நின்றதால் அவன் பேச்சு ஒரு கணம் நின்றது. அந்த அமைதியில் அவர் நெஞ்சில் ஒன்று தப்பியது, உடனே இன்னொன்று. அவர் அதைக் கேட்டுக்கொண்டே "கீழே" என்றார், பட்டனை அமுக்கினார்.

பதில் வரவில்லை. வந்திருக்க முடியாது. மச்சினனுடைய கை இன்னும் தாங்கியின் மேல் இருந்தது.

பெட்டி ஒரு சாண் இறங்கியிருக்கும். மச்சினன் கத்தினான். அவர் விரலை எடுத்தார், பெட்டி நின்றது. கையுறையின் நுனி தாங்கிக்கும் பெட்டியின் விளிம்புக்கும் நடுவே மாட்டிக் கிழிந்திருந்தது. கை அதற்குள் வெளியே வந்துவிட்டிருந்தது. அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தான், பிறகு நீட்டிப் பார்த்தான். எல்லாம் இருந்தன.

எப்போதும் பேசுகிறவன் மெதுவாகப் பேசினால் அது அடிபோல விழும்.

"நான் இங்க இருக்கேன் அத்தான்" என்றான்.

மச்சினனே அவருக்கு ஒரு வழி திறந்துவிட்டான். சளியில் காது அடைத்திருக்கிறதா என்று கேட்டான். அவனுக்கு அப்படித்தான் தோன்றியது, அப்படித் தோன்றுவதுதான் நியாயம். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும், அத்தோடு முடிந்திருக்கும். இரண்டு நாள் கிண்டல் செய்திருப்பான், காதண்ணனுக்கே காது போச்சு என்று கம்பெனி முழுக்கச் சொல்லியிருப்பான், மூன்றாம் நாள் மறந்திருப்பான். நாற்காலிக்கும் ஆபத்தில்லை. அவர் கிழிந்த கையுறையைப் பார்த்தார். சோதனை வைத்தது தன் நெஞ்சுக்கு, ஆனால் அதில் வைத்த சுமை இவனுடைய கை.

"இல்ல மாப்ளே. காது நல்லாத்தான் கேக்குது. நான் வேற ஒண்ணைக் கேட்டுக்கிட்டு இருந்துட்டேன்."

"வேற என்னத்தை?"

"நெஞ்சை."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். படிக்கட்டு ஏறியதையும் விடவில்லை. மச்சினன் குறுக்கே பேசாமல் கேட்டது அவர்களுக்குள் அதுவே முதல் தடவை. கேட்டு முடித்ததும் அவனுக்குக் கோபம் வந்தது.

"உங்க நெஞ்சு ஓடுதா நிக்குதான்னு பாக்க என் கையத்தான் வெச்சுப் பாப்பீங்களா?"

அவன் கையை நீட்டினான். "குடுங்க இப்படி." பட்டன் பெட்டியை வாங்கிக்கொண்டான். "மேலே" என்று சொல்லிவிட்டு அவர் பதிலுக்குக் காத்திருந்தான். அவர் "மேலே" என்றார். அடுத்த மாடியின் வாசல் மட்டத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினான். இருவரும் வெளியே வந்தார்கள். மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டிவிட்டு, வேலை நடக்கிறது என்ற பலகையை மாட்டினார்கள். வேனை அவனே ஓட்டினான். எங்கே போகிறோம் என்று அவர் கேட்கவில்லை.

பாதி வழியில் அவர் தன் கவலையின் அடிவாரத்துக்கு வந்துசேர்ந்தார். "என்னைப் போன் மேசைக்கு அனுப்பிடுவாங்க மாப்ளே" என்றார்.

"அங்க ஃபேன் இருக்கு" என்றான் மச்சினன். கோபம் இன்னும் ஆறவில்லை.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண். சுருக்கமாகப் பேசுகிறவர். நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். அதிர்ஷ்டவசமாக, அல்லது அவர் அப்படி நினைத்தார், தப்பும் துடிப்புகளில் ஒன்று காகிதத்திலேயே பிடிபட்டது. டாக்டர் அதைப் பேனா முனையால் காட்டினார். உண்மையில் எதுவும் தப்பவில்லையாம். ஒரு துடிப்பு அவசரப்பட்டு முன்னாலேயே வந்துவிடுகிறது. அது சின்னது, காதுக்கு எட்டாது. அதனால் இதயம் அடுத்ததற்குக் கொஞ்சம் காத்திருக்கிறது. காத்திருக்கும் நேரத்தில் கூடுதலாக ரத்தம் நிறைந்துவிடுவதால் அடுத்த அடி பெரிதாக விழுகிறது. காதண்ணன் வெற்றிடம் என்று கேட்டது இதயம் காத்திருந்த நேரம். நல்ல இதயத்திலும் இது வருவதுண்டு, காய்ச்சலுக்குப் பிறகு அதிகமாக வரலாம் என்றார் டாக்டர்.

என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். அவர் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தார். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரை. மூக்கடைப்பு போய் நாளாகியும் காலையும் மாலையும் விடாமல் போட்டுக்கொண்டிருந்தார், வாங்கியது வீணாகக் கூடாது என்று. தூக்கம் வராததால் பகலில் டீ. எத்தனை டீ என்று கேட்டதற்கு மச்சினன் முந்திக்கொண்டு பதில் சொன்னான்.

"இது மூக்கைத் திறக்கும், நெஞ்சையும் விரட்டும். இன்னியோட நிறுத்துங்க" என்றார் டாக்டர்.

காதண்ணனுக்குத் தைரியம் வந்தது. கொஞ்சம் பெருமையோடேயே படியேறிய கதையைச் சொன்னார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"காய்ச்சல் வந்துட்டுப் போன உடம்பு. உள்ள வீக்கம் இருக்கா இல்லையான்னு யாருக்கும் தெரியாது. அந்த நேரத்துல பையைத் தூக்கிட்டு மாடி ஏறினீங்களா?"

"ஏறும்போது ஒண்ணுகூடத் தப்பலைங்க டாக்டர்."

"பல பேருக்கு ஓடும்போது மறைஞ்சுடும், உக்காந்தா வரும். அதை வெச்சு நல்ல நெஞ்சுன்னு சொல்ல முடியாது. ஒருவேளை வீக்கம் இருந்திருந்தா, நீங்க ஏறினதே பெரிய ஆபத்தாயிருக்கும்."

அது அவருக்குத் தெரிந்த விஷயம்தான். பிரேக்கில் சந்தேகம் என்று ஒரு கட்டடத்திலிருந்து போன் வந்தால், அவர் போய் முதலில் செய்வது சுவிட்சை இறக்கிப் பலகை மாட்டுவது. அப்புறம் திறந்து பார்ப்பது. அப்புறம் சரிசெய்வது. எல்லாம் முடிந்த பிறகுதான் எடைக்கற்கள் ஏறும். சந்தேகமுள்ள லிஃப்டில் முதலிலேயே முழுச் சுமை ஏற்றிப் பார்க்கும் ஆளை அவர் வேலையை விட்டே போகச் சொல்லியிருப்பார். தன் விஷயத்தில் மட்டும் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கிவிட்டார். பயத்தில் ஒருவன் தனக்குத் தெரியாததைச் செய்து கெடுவது ஒரு பக்கம் இருக்க, தெரிந்ததையே தலைகீழாகச் செய்து கெடுவது இன்னும் சகஜம்.

ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் முடிவுகள் வந்தன. வீக்கத்துக்கான அடையாளம் இல்லை. காய்ச்சல், மாத்திரை, டீ, தூக்கமின்மை, பயம் எல்லாம் சேர்ந்து செய்த வேலையாக இருக்கலாம் என்றார் டாக்டர். சில வாரம் பாரம் தூக்கக் கூடாது, மாடி ஏறக் கூடாது, சுரங்கம் வேண்டாம். நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ, சும்மா இருக்கும்போது மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் வந்துவிட வேண்டும்.

அவருக்கு இன்னும் ஒன்று தேவைப்பட்டது. "ஒண்ணும் இல்லைன்னு நிச்சயமாச் சொல்ல முடியுங்களா டாக்டர்?"

"நீங்க ஒரு லிஃப்டைப் பாத்துட்டு என்ன சொல்வீங்க?"

அவர் யோசித்தார். "பாத்த அன்னிக்கு நல்லா இருந்துச்சுன்னு சொல்வோம்."

"நானும் அதைத்தான் சொல்றேன்."

வீட்டு வாசலில் மச்சினன் வேனை நிறுத்தினான், எஞ்சினை அணைக்கவில்லை. உள்ளே வா என்று கூப்பிட்டதற்கு வரமாட்டேன் என்றான். "இதை நான் சொல்லப்போறதில்ல அத்தான். நீங்களே சொல்லுங்க" என்றான். இத்தனை வருடமாக அவனை ஓட்டைவாய் என்று நினைத்திருந்தது கொஞ்சம் அவசரப்பட்ட கணக்கு என்று அவருக்குத் தோன்றியது. முழுவதும் தப்பான கணக்கு என்று சொல்லிவிட முடியாது. கம்பெனிக்கு அவன் ஏற்கெனவே போன் போட்டுச் சொல்லியிருந்தான். விதிப்படி அது சரி.

மனைவி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே சொன்னார். சின்னதாகச் சொல்லி முடித்துவிடலாம் என்று தொடங்கி, அவள் கேட்ட கேள்விகளால் முழுவதையும் சொல்லும்படி ஆயிற்று. தம்பியின் கையுறை விஷயம் வந்தபோது அவள் துடைப்பதை நிறுத்தினாள். அவள் முதலில் கேட்டது தம்பியின் விரல்களைப் பற்றி. பிறகுதான் கணவர் பக்கம் திரும்பினாள்.

"தினமும் பக்கத்துல படுத்திருக்கேன். எங்கிட்ட சொல்றதுக்கு என்ன? நான் என்ன உங்க கம்பெனியா?"

"நீ பயந்துடுவேன்னுதான்."

"இப்ப மட்டும் என்னவாம்?"

அவரை நாற்காலியில் உட்காரவைத்து, அவள் குனிந்து காதை அவர் நெஞ்சில் வைத்தாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள். அவருக்கு உள்ளே இரண்டு தடவை தெளிவாகத் தெரிந்தது. அவள் நிமிர்ந்தாள்.

"எல்லாம் ஒரே மாதிரிதான் கேக்குது. உங்களுக்கு மட்டும் அது தனியாப் பேசுமா?"

அவர் சிரித்தார். சளி வந்ததிலிருந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. அவள் சிரிக்கவில்லை. இனிமேல் மாத்திரை அட்டைகள் எல்லாம் தன்னிடம்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு மறுபடி துடைக்கத் தொடங்கினாள்.

போன் மேசைக்குத்தான் அனுப்பினார்கள். அவர் பயந்த நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலி. அந்த நாற்காலியில் இருந்த பழைய கூட்டாளியிடம் தயங்கித் தயங்கி விசாரித்தபோதுதான் தெரிந்தது, அவரை யாரும் இறக்கவில்லை என்று. நெஞ்சில் ஏதோ வந்து போனது நிஜம்தான். ஆனால் குணமான பிறகு அவரே கேட்டு வாங்கிக்கொண்ட இடமாம் அது. "முட்டி வலிக்கு இதுதான்யா சொர்க்கம்" என்றார். காதண்ணனுக்கு அது சொர்க்கமாகப் படவில்லை. ஆனால் நரகம் என்றும் சொல்ல முடியவில்லை. மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிடுவார்கள். ஆள் வரும் வரை அவர்களோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். அறுந்து விழுந்துவிடுமா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நின்ற லிஃப்ட், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிற லிஃப்ட் என்று அவர் விளக்குவார். அவர்கள் நம்பியதாகத் தெரியாது. ஆனாலும் போனை வைக்கமாட்டார்கள். விளக்கத்தைக் காட்டிலும் அடுத்த முனையில் ஒரு ஆள் இருப்பதே அவர்களுக்கு வேண்டியிருந்தது என்பதை அவர் மெல்லப் புரிந்துகொண்டார்.

சில வாரம் கழித்து மறுபடி பார்த்த டாக்டர், வேலைக்குப் போகலாம் என்றார். அந்த அவசரத் துடிப்புகள் வெகுவாகக் குறைந்திருந்தன, ஆனால் அறவே போகவில்லை. போகாமலே இருந்தாலும் இருக்கும் என்றார் டாக்டர். காரணம் தெரிந்து, தேடிப்பார்த்து, பழுதில்லை என்று தெரிந்த பிறகும் இருக்கிற ஒரு சத்தம். அவருடைய தொழிலில் அதற்கு இடமில்லை. அதைச் சரிசெய்யவும் முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது. அதோடு பழகிக்கொள்வது என்ற மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதை அவர் பாடுபட்டுக் கற்க வேண்டியிருந்தது. இன்னும் முழுக்கக் கற்றுவிட்டதாகத் தெரியவில்லை. இடது பக்கம் படுப்பதை விட்டுவிட்டார்.

திரும்பிப் போன முதல் நாள் கூரை மேல் ஏறியதும் மச்சினன் பட்டன் பெட்டியை அவரிடம் நீட்டினான். அவர் வாங்கவில்லை. துடைக்கும் துணியையும் எண்ணெய்க் கேனையும் எடுத்துக்கொண்டு தண்டவாளத்தின் பக்கம் போய்க் குனிந்தார்.

"நீ வெச்சுக்க. கொஞ்ச நாளைக்கு என் கை இங்க இருக்கட்டும்."

மச்சினன் அவரைப் பார்த்தான். பிறகு பட்டன் பெட்டியைத் தன் பக்கம் மாட்டிக்கொண்டான். வேலை தொடங்கியது. கூடவே பேச்சும் தொடங்கியது. வீட்டுக்காரர் இப்போது மொட்டை மாடிக் கதவுக்கும் பூட்டுப் போட்டுவிட்டாராம்.

"பட்டனைக் கையில வெச்சுக்கிட்டு இப்படிப் பேசினா எப்படி மாப்ளே?" என்றார் அவர்.

"நான் வாய மூடினா நீங்க உள்ள காது வெச்சுடுவீங்க. எது பரவாயில்ல?"

அவன் "மேலே" என்றான். அவர் கையை இழுத்துக்கொண்டு "மேலே" என்றார். பெட்டி மெதுவாக ஏறியது. இரண்டு மாடி போவதற்குள் அவருக்கு நெஞ்சில் ஒன்று தப்பியது. கையை உயர்த்தினார். மச்சினன் உடனே நிறுத்தினான். ஏன் என்று கேட்கவில்லை. இருட்டில் இருவரும் சும்மா நின்றார்கள். மேலே எங்கோ ஒரு வீட்டில் யாரோ கதவைச் சாத்தினார்கள், குழந்தை ஒன்று யாரிடமோ எதற்கோ அடம்பிடித்தது. தலைசுற்றல் இல்லை. மூச்சு ஒழுங்காக இருந்தது.

"போலாமா?" என்றான் மச்சினன்.

"போலாம். அந்த ஆளு அப்புறம் அந்தச் சாவியையாவது பத்திரமா வெச்சிருக்காரா?"

"எங்க? அதுவும் காணோம்" என்று அவன் சந்தோஷமாகத் தொடங்கினான்.